கேற்றடியில் படுக்கும் நாய் ஏன் இரவிரவாகக் குரைக்கிறது?

தங்கச்சி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான் நிலைமை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் வாடகை வீடு. சூட்டிக்கு மூன்று வயது, கடுவன், ஊர் நாய்க் கலப்பு. பகலில் குசினிப் பக்கத்து நடைபாதையில் சங்கிலியில் நிற்கிறது. இரவு பத்து மணிக்கு அவிழ்த்து முன்முற்றத்தில் விடுகிறீர்கள். பதினொன்றுக்குத் தொடங்கி விடியப்புறம் நாலு மணி வரை விட்டு விட்டுக் குரைக்கிறது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா இரண்டு தரம் வந்து சொல்லிப்போட்டார். வீட்டுச் சொந்தக்காரர் நாயை எங்கேயாவது அனுப்பச் சொல்கிறார். உங்கள் கணவர் கரண்ட் அடிக்கிற கழுத்துப்பட்டி வாங்கலாம் என்கிறார். நீங்கள் அதற்கு மனம் இல்லாமல் கேட்கிறீர்கள்.

அந்தக் கழுத்துப்பட்டியை வாங்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். சூட்டியை அனுப்பவும் தேவையில்லை. நான் முதலில் கொட்டாஞ்சேனையிலும் பிறகு தெஹிவளையிலுமாக இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நாய் வளர்க்கிறேன். கருத்தடை முகாம்களுக்குத் தெருநாய் பிடித்துக் கொடுக்கிற வேலையிலும் நின்றிருக்கிறேன். கொழும்பில் "இரவில குலைக்குது" என்று என்னிடம் வந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் நான் கண்டது ஒரே காட்சி: பகல் முழுக்கக் கட்டி வைத்த நாய், இரவில் கேற்றடியில் ஒரு சாக்கில். உங்கள் வீடும் அப்படித்தான்.

அந்த நாயின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். பகலில் அசைய இடமில்லை, மோப்பம் பிடிக்க ஒன்றுமில்லை, ஆகவே தூங்குகிறது. வீட்டு ஆட்கள் எல்லோரும் உள்ளே போய் லைற்றை நூர்க்கிற நேரத்தில் அதை அவிழ்த்துவிடுகிறோம். தூங்கி எழும்பிய உடம்பு, வெறுமையான முற்றம், கேற்றுக்கு அப்பால் ஒரு முழு ஒழுங்கை. நாம் அதற்கு இரவுக் காவல் உத்தியோகம் கொடுத்து வைத்திருக்கிறோம். பிறகு அது வேலை செய்கிறது என்று ஏசுகிறோம்.

மருந்து, பயிற்சி, கருவி எல்லாவற்றுக்கும் முன்னால் மாற்ற வேண்டியது படுக்கிற இடம். அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது: நாலு இரவு குறிப்பு எடுக்க வேண்டும். நேரம், எந்தப் பக்கம் பார்த்துக் குரைத்தது, எத்தனை நிமிடம், வெளியே என்ன கேட்டது. ஒரு பழைய அப்பியாசக் கொப்பி போதும். ஒரு இரவாவது லைற் போடாமல் விறாந்தையில் கதிரை போட்டு இருந்து பாருங்கள். அறைக்குள் படுத்துக்கொண்டு கேட்டால் "இரவு முழுக்க" என்று தோன்றும். எழுதிப் பார்த்தால் மூன்று நாலு தனித்தனி நேரங்களாகப் பிரியும். ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் இருக்கும்.

கொட்டாஞ்சேனையில் என் பெட்டை நாய் பிறவுணி ஒவ்வொரு நாளும் இரண்டே முக்காலுக்குக் குரைக்கும். மணிக்கூட்டைப் பார்த்துக் குரைக்கிற மாதிரி. கள்ளன் என்று ரோச் எடுத்துக்கொண்டு ஓடினேன், ஒருவரும் இல்லை. நாயை ஏசினேன், அதை இப்போது நினைத்தாலும் கவலையாக இருக்கிறது. பிறகு ஒரு இரவு ரோச்சை நூர்த்துவிட்டு மாமரத்தடியில் இருந்தேன். முதலில் ரெலிபோன் வயர் மெல்ல ஆடியது. அதில் ஒரு மரநாய், நீண்ட வாலால் சமன் பிடித்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து வந்தது. கூரை ஓட்டில் இறங்கி, அங்கிருந்து பின்வீட்டுப் பப்பாசி மரத்துக்குப் போனது. பிறவுணி எழும்பியது அது கண்ணில் பட்ட பிறகு அல்ல. வயர் ஆடுவதற்கும் முன்னாலேயே அதன் காது திரும்பிவிட்டது.

சிங்களத்தில் கலவெத்தா என்று சொல்வார்களே, அதுதான் மரநாய். கொழும்புக் கூரைகளின் சீலிங்குக்குள் குடியிருக்கும். பழம் தேடி இரவில் ஒரே பாதையால் போய் வரும். வெள்ளவத்தையில் வாய்க்காலுக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு அகழானும் சேரும். மனிதக் காது எட்டுவது 20,000 ஹேட்ஸ் வரைதான். நாயின் காது ஏறத்தாழ 45,000 வரை போகும். எலிகள் தங்களுக்குள் எழுப்புகிற சத்தத்தில் ஒரு பங்கு நமக்குக் கேட்காத அந்த மேல் எல்லையில்தான் இருக்கிறது. "ஒண்டுமில்லாததுக்குக் குலைக்குது" என்று நாம் சொல்லும்போது நமக்குக் கேட்கவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள்.

மரநாய் என்று தெரிந்தால் செய்ய வேண்டியதும் தெரியும். கூரையைத் தொடுகிற கிளையை வெட்டுங்கள். விழுந்த பழத்தைப் பின்னேரமே பொறுக்குங்கள். குப்பைப் பையை இரவில் கேற்றடியில் வைக்காமல் விடிய வையுங்கள். அந்தக் குப்பைப் பை ஒன்றே பூனை, அகழான், தெருநாய் மூன்றையும் உங்கள் கேற்றுக்கு அழைத்து வரும்.

இப்போது படுக்கை. சூட்டியை இரவில் வீட்டுக்குள் எடுங்கள். உள்ளே என்றால் கட்டிலில் அல்ல. குசினியிலோ நடையிலோ ஒரு மூலை போதும். நம் ஆட்கள் பலருக்கு, அதுவும் சாமி அறை உள்ள வீட்டில், நாயை உள்ளே எடுப்பது சரிவராது என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் கோடிப்புறத்தில், தெரு தெரியாத பக்கத்தில், மழைச்சாரல் படாத மூன்று பக்கச் சுவரோடு ஒரு இடம் செய்யுங்கள். முக்கியமானது இரண்டு: கேற்று கண்ணில் படக்கூடாது, வீட்டு ஆட்களின் மூச்சுச் சத்தமாவது கேட்கிற தூரத்தில் இருக்க வேண்டும். நாய் கூட்டமாகப் படுக்கிற பிராணி. ஆட்கள் கிட்டக் கிடந்தால் அதன் தூக்கம் மாறும்.

புது இடத்துக்கு ஒரே இரவில் மாற்றினால் அழும். பகலில் பழக்குங்கள். அந்தச் சாக்கையே கொண்டுபோய் அங்கே போட்டு, சாப்பாட்டை அங்கே வைத்து, பக்கத்தில் நீங்கள் இருந்து மரக்கறி வெட்டுங்கள், போன் பாருங்கள். மூன்று நாலு நாள் அப்படிச் செய்தபிறகு இரவில் விடுங்கள். கிட்ட ஒரு ஃபான் ஓடினால் நல்லது. காற்றுக்கு மட்டுமல்ல, அதன் ஒரே சீரான இரைச்சல் ஒழுங்கையின் சின்னச் சத்தங்களை மூடிவிடும். கோல் ஃபேஸ் பக்கமிருந்து வரும் கடைசி ரயிலோ, மரைன் டிரைவில் சைலன்சர் இல்லாமல் ஓடுகிற மோட்டார் சைக்கிளோ மூடப்படாது. ஆனால் செருப்புச் சத்தம், பக்கத்து வீட்டுக் கொண்டி, பூனை குதிப்பது எல்லாம் மங்கிப் போகும்.

பகலிலும் அது கேற்றடியில் நிற்கிறதென்றால் கேற்றின் கீழ்ப்பாதியைத் தகரமோ பிளாஸ்ரிக் தாளோ வைத்து மூடுங்கள். கேற்றுக்குக் கீழே உள்ள நாலு அங்குல இடைவெளியில் மூக்கை வைத்துப் படுக்கிற நாய் ஒழுங்கையில் போகிற ஒவ்வொரு காலையும் எண்ணிக்கொண்டு கிடக்கும். ஓட்டோ வந்தது, குரைத்தேன், ஓட்டோ போய்விட்டது. அதன் கணக்கில் அது வெற்றி. ஒரு நாளைக்கு ஐம்பது தரம் வென்ற நாய் இரவில் வாயை மூடாது.

அடுத்தது பகல் பொழுது. சங்கிலியைக் குறையுங்கள். காலையில் ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் அரைமணி நேரம் நடக்கக் கூட்டிப் போங்கள். வெயில் ஏறினால் தார் ரோட்டில் உள்ளங்கால் பொசுங்கும். புறங்கையை ஏழு செக்கன் ரோட்டில் வைக்க முடியாவிட்டால் நாயும் நடக்கக்கூடாது. நடக்கும்போது இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு போஸ்ரடியிலும் நின்று மோந்து பார்க்க விடுங்கள். அது நேரத்தை வீணாக்குகிறது என்று நமக்குத் தோன்றும். நாய்க்கு அதுதான் பேப்பர் படிப்பு. இருபது நிமிட மோப்பம் களைக்க வைக்கிற அளவுக்கு ஒரு மணி நேர ஓட்டம் களைக்க வைக்காது என்பது என் அனுபவம்.

பின்னேரம் மழை என்றால் ஒரு பழைய துவாயை விரித்து, அவித்த கோழித்துண்டைச் சின்னச் சின்னதாய்ப் பிய்த்துத் தூவி, பாய் சுற்றுகிற மாதிரிச் சுற்றிக் கொடுங்கள். முதல் நாள் சூட்டி அதைக் கடித்து உதறும். மூன்றாம் நாள் ஒரு காலால் மிதித்துக்கொண்டு மூக்கால் உருட்டி விரிக்கக் கற்றுக்கொள்ளும். கால்மணி நேரம் அதோடேயே கிடந்து, பிறகு ஒரு பெருமூச்சு விட்டுப் படுக்கும். அந்தப் பெருமூச்சைக் கேட்டால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.

இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடியுங்கள். நம் வீட்டு மிச்சக் கறியைச் சோற்றில் பிசைந்து வைப்பது வழக்கம், ஆனால் உப்பும் உறைப்பும் சேர்ந்த சாப்பாடு தாகத்தைக் கொடுக்கும், தண்ணீர் குடிக்கும், இரண்டு மணிக்குச் சலம் போக எழும்பும், எழும்பினால் குரைக்கும். அதைவிட வெங்காயம் நாய்க்கு நஞ்சு. இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். அதனால் நாய்க்குப் போடுகிற மீனையும் சோற்றையும் வெங்காயம் போடாமல் தனியாக அவியுங்கள். படுக்கப் போகுமுன் பத்து மணிக்கு ஒரு தரம் வெளியே கொண்டுபோய் வாருங்கள்.

இனி, குரைக்கும்போது என்ன செய்வது. யன்னலைத் திறந்து "ஏய், வாயை மூடு!" என்று கத்துவதை இன்றோடு விடுங்கள். தனியாகக் கிடந்த நாய்க்கு எசமானின் குரல் கேட்பதே பரிசு. ஏச்சென்று அதற்குப் புரியாது. நீங்களும் சேர்ந்து குரைக்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

பதிலாக ஒரு சொல் பழக்குங்கள். எங்கள் வீட்டில் அது "காணும்." பகலில், நீங்கள் ஆறுதலாக இருக்கிற நேரத்தில், யாரையாவது கேற்றைத் தட்டச் சொல்லுங்கள். சூட்டி இரண்டு மூன்று தரம் குரைக்கட்டும். நீங்கள் எழும்பிப் போய், அது பார்க்கிற திசையை நீங்களும் பார்த்து, தாழ்ந்த குரலில் "காணும்" என்று சொல்லி, மூக்குக்கு முன்னால் ஒரு துண்டு அவித்த ஈரலைப் பிடியுங்கள். மோந்து பார்க்கிற நாயால் அதே நேரத்தில் குரைக்க முடியாது. வாய் மூடிய அந்த நொடியில் கொடுங்கள். அடுத்த தரம் இரண்டு செக்கன் அமைதிக்குப் பிறகு, பிறகு ஐந்து, பிறகு பத்து. ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம், இரண்டு வாரம். சொல்லைக் கத்திச் சொன்னால் இத்தனையும் வீணாகும். குரல் தாழ்ந்திருக்க வேண்டும்.

நான் "வாயே திறக்காதே" என்று பழக்கச் சொல்லவில்லை. கவனியுங்கள்: இரண்டு குரைப்புக்கு இடம் கொடுக்கிறோம். அது செய்தி சொல்கிறது, நாம் வந்து பார்க்கிறோம், செய்தி கிடைத்தது என்று சொல்கிறோம். வேலை முடிந்தது என்று தெரிந்தால் நாய் போய்ப் படுக்கும்.

ஒரு எச்சரிக்கை. கவனம் கேட்டுக் குரைக்கிற நாயை எட்டிப் பார்க்காமல் விட்டால், முதல் சில இரவுகள் குரைப்புக் கூடும். இவ்வளவு நாளும் பலித்த வழி பலிக்கவில்லை என்று இன்னும் பலமாக முயன்று பார்க்கும். அந்தக் கட்டத்தில்தான் அநேகமான வீடுகளில் பொறுமை போகும். ஐந்து இரவு போகாமல் இருந்து ஆறாம் இரவு எழும்பிப் போனால், ஆறு இரவு குரைத்தால் ஆள் வரும் என்று அது படித்துக்கொள்ளும். ஆனால் பயத்தில் குரைக்கிற நாயை இப்படி விடவே கூடாது. நடுக்கம், எச்சில் வடிதல், கதவைப் பிறாண்டுதல், இடைவிடாத மூச்சிரைப்பு இருந்தால் அது பயம். அப்போது கிட்டப் போய் இருங்கள். ஆறுதல் சொன்னால் பயம் பழகிப்போகும் என்பது பிழையான எண்ணம்.

கொழும்பில் பயம் என்றால் வெடிதான். சித்திரைப் புதுவருடம், தீபாவளி, மார்கழி 31 நள்ளிரவு. அன்றைக்கு ஒருபோதும் சங்கிலியில் விடாதீர்கள், முற்றத்திலும் விடாதீர்கள். யன்னல் சாத்திய உள் அறை, ஃபான், ரேடியோ. கழுத்துப்பட்டியில் உங்கள் போன் இலக்கம். வெடிக்கு வெருண்டு மதில் பாய்ந்து ஓடி ரயில் பாதையில் முடிந்த நாய்களை நான் என் கையால் தூக்கியிருக்கிறேன். மிகவும் பயப்படுகிற நாய் என்றால் ஒரு கிழமைக்கு முன்னே மிருக வைத்தியரிடம் போங்கள். அன்றைக்குக் கொடுக்க மருந்து இருக்கிறது. நீங்கள் குடிக்கிற நித்திரைக் குளிசையையோ பனடோலையோ கொடுக்க வேண்டாம். பனடோலில் உள்ள பரசிற்றமோல் நாயின் ஈரலைக் கெடுக்கும், பூனையைக் கொன்றே விடும்.

வைத்தியரிடம் எப்படியும் ஒரு தரம் காட்டுங்கள். நம் நாட்டு வெக்கைக்கு உண்ணியும் தெள்ளும் ஓயாது. பகலில் பிராக்கில் மறந்திருக்கிற சொறிவு இரவில்தான் நாயை எழுப்பும். காதுக்குள் புண் இருந்தாலும் அப்படித்தான். காதை மடித்து மோந்து பாருங்கள், புளித்த பாண் மணம் வந்தால் காட்ட வேண்டும். சூட்டிக்கு மூன்று வயதுதான். வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று: ஒன்பது பத்து வயதுக்கு மேல், அதுவரை அமைதியாக இருந்த நாய் திடீரென்று இரவில் எழும்பிச் சுவரைப் பார்த்துக் குரைத்தால், அது குணக்கேடல்ல. கண், காது மங்கல், மூட்டு நோ, அல்லது முதுமையில் மூளைக்கு வருகிற தடுமாற்றம். அதற்கு ஒரு சின்ன இரவு விளக்கும் வைத்தியமும் தேவை, பயிற்சி அல்ல.

கருத்தடை செய்யாத கடுவன் என்றால் அதையும் யோசியுங்கள். ஒழுங்கையில் ஒரு பெட்டை பருவத்துக்கு வந்தால் இரண்டு மூன்று கிழமைக்கு எல்லாக் கடுவனும் இரவிரவாக நிற்கும். ஒரு நாய் தொடங்கினால் ஒழுங்கை முழுக்கத் தொடரும். அதனால் உங்கள் நாயை மட்டும் திருத்துவது பாதி வேலை. 2006 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லாமல் கருத்தடையும் விசர் நாய்த் தடுப்பூசியும் போடுவதுதான் அரசின் வழி. உங்கள் ஒழுங்கையில் சோறு போட்டு வளர்க்கிற பெட்டைகளை முகாம் நடக்கும்போது கொண்டுபோய்க் கொடுக்க நாலு வீடு சேர்ந்தால், அடுத்த வருடத்து இரவுகள் வேறாக இருக்கும்.

இப்போது அந்தக் கழுத்துப்பட்டி. குரைக்கும்போது கரண்ட் அடித்தால், தன் வாயால்தான் அடி விழுந்தது என்று நாய் கணக்குப் போடுவதில்லை. அந்த நொடியில் அது பார்த்துக்கொண்டிருந்த பொருளோடு நோவைச் சேர்க்கும். பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றால்? குரைப்பு நின்று கடி தொடங்கிய நாய்களை நான் கண்டிருக்கிறேன். குரைப்பு எச்சரிக்கை, எச்சரிக்கையை அழித்துவிட்டால் மிஞ்சுவது பல். தொண்டையில் சத்திரசிகிச்சை செய்து குரலை எடுப்பதைப் பற்றி யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் நீங்களே போங்கள், அவர் மூன்றாம் தரம் வருமுன். பலகாரம் ஏதாவது கொண்டு போங்கள். கொப்பியைக் காட்டுங்கள். "இந்த மாற்றங்களைச் செய்கிறோம், மூன்று கிழமை தாருங்கள், உங்களுக்குக் கேட்கிற நேரத்தை எனக்கு மெசேஜ் போடுங்கள்" என்று கேளுங்கள். அவருடைய கட்டில் எந்தப் பக்கம் என்று கேட்டு, சூட்டியின் இடத்தை மற்றப் பக்கம் வையுங்கள். அவர் இரவில் தூங்காமல் இருக்கிறார் என்பது உண்மையான கஷ்டம், அதை ஒப்புக்கொள்ளுங்கள்.

பொலிசுக்குப் போவதாக யாராவது சொன்னால் பதற வேண்டாம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை சத்தம் கூடாது என்று பலரும் சொல்கிற 2007 உயர் நீதிமன்றக் கட்டளை ஒலிபெருக்கிகளைப் பற்றியது, நாயைப் பற்றியது அல்ல. ஆனாலும் தொடர்ந்து அயலுக்குத் தொல்லை என்றால் பொதுத் தொல்லை என்று நீதவானிடம் போக வழி இருக்கிறது. அயல் வீட்டுச் சச்சரவுகளைப் பேசித் தீர்க்க 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்தியஸ்த சபைகளும் இருக்கின்றன. மாநகர சபைப் பதிவும் வருடாந்தத் தடுப்பூசி அட்டையும் கையில் இருந்தால் பேச்சு வேறு விதமாகப் போகும். பதிவு செய்யவில்லை என்றால் இந்தக் கிழமையே செய்யுங்கள்.

இன்று இரவு செய்ய வேண்டியது கொப்பியைத் தொடங்குவது. நாளைக்கு விடிய நடை. சனிக்கிழமை சாக்கை வீட்டுக்குள்ளோ கோடிப்புறத்துக்கோ மாற்றிப் பகலில் பழக்கத் தொடங்குங்கள். நாலு இரவுக் குறிப்பு எடுத்தபிறகு நேரங்களை அப்படியே இங்கே எழுதுங்கள், நாள்வாரியாக. ஒரே நேரம் திரும்பத் திரும்ப வந்தால், அந்த நேரத்துக்கு உங்கள் கூரையிலோ ஒழுங்கையிலோ என்ன நடக்கிறது என்று சேர்ந்து தேடுவோம்.